வடகிழக்கு மூலை

மதியம் ஒன்றரைக்குக்
கண்ணாடிக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்
தெருவைக் கடக்கிறேன்.
மெக்சிகோ நகரத்தில் தெருவைக் கடப்பதென்றால்
பாதி நம்பிக்கை, மீதி முழங்கை.
சார்ஜர் விற்பவன், சோளம் சுடுபவள்,
மெட்ரோ படிகளில் பொங்கி வழியும் தலைகள்,
"மூணு பத்து, மூணு பத்து" என்று
நாளெல்லாம் தொண்டை கட்டாத ஒலிபெருக்கி.
நடுவே
எரிமலைக் கல்லின் கறுத்த சிவப்பில்
ஒரு பழைய கோயில்
வடகிழக்கே சரிந்து நிற்கிறது,
பஸ்ஸில் தூங்கிப்போனவன்
பக்கத்து ஆள் தோளில் சாய்வதுபோல.

ஒரு காலத்தில் இங்கே ஏரி.
தண்ணீரை விரட்டிவிட்டுக் கல்லை அடுக்கினார்கள்.
தண்ணீர் போயிற்று. சேறு போகவில்லை.
கொடுத்த கடனைத் தவணையில் வசூலிப்பதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கிறது.
கட்டிய நாளில் படியேறிப் போனார்களாம்.
இப்போது ஏழு படி
இறங்க வேண்டும்.

கதவைத் தாண்டியதும் இரைச்சல் அறுந்தது
என்று எழுத ஆசைதான்.
அறவில்லை.
ஒலிபெருக்கி உள்ளேயும் வந்து
மூணு பத்து என்கிறது,
மூவொரு கடவுளுக்கும் சேர்த்து.

நான் வருவது புனித லூசியாளைப் பார்க்க.
தட்டில் இரண்டு கண்களை ஏந்திப்
பரிமாற வந்தவள்போல் நிற்பாள்.
நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப்பார்ப்பவள் நான்.
வேண்டுதல் கிடையாது,
ஒரே தொழிலில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் வணக்கம்.
தட்டில் இடக்கண் வண்ணம் உரிந்திருக்கிறது.
புரை, முற்றிய நிலை
என்று ஒவ்வொரு முறையும் மனசுக்குள் எழுதிக்கொள்வேன்.

இன்றைக்குப் பூசை.
பதினொரு பேர்.
எனக்கு முன் பெஞ்சில் சந்தைப்பையோடு ஓர் அம்மாள்,
கண்ணாடியின் காது
நூலால் கட்டியிருந்தது.
மணி அடித்தது, மண்டியிட்டாள்,
பை சாய்ந்தது,
ஓர் எலுமிச்சை
நடுப்பாதையில் குதித்தது.

சாமியார் அப்பத்தை உயர்த்திய நேரம் பார்த்து.

அது அவசரப்படவில்லை.
கல் இடுக்கில் தயங்கியது,
யோசித்தது, கிளம்பியது.
கோயில்பிள்ளை எலெயுதேரியோ கையை நீட்டி
நீட்டியது தப்போ என்று இழுத்துக்கொண்டார்.
கூப்பிய கைகள் கூப்பியபடி இருக்க
தலைகள் மட்டும் அதன் பின்னே மெல்லத் திரும்பின.
பலிபீடத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தோம்.
எல்லோரும் நினைத்தோம்.
ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.
கடைசிக் கல்லில் அது
வலப்பக்கம் வளைந்து,
யாரும் மெழுகுவத்தி ஏற்றாத மூலைக்குப் போய்
சுவரில் முட்டி நின்றது.

சாமியார் மூச்சு விட்டது
மைக்கில் கேட்டது.

பூசை முடிந்து மூவரும் அங்கே போனோம்.
"எல்லாம் இங்கேதான் வரும்" என்றார் எலெயுதேரியோ.
பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார்.
சட்டைப் பொத்தான்கள், ஜெபமாலை மணிகள்,
சின்னக் காசு, ஒரு பால் பல்,
தீப்பெட்டிக்குள் தனியாகச்
சின்னஞ்சிறு திருகாணிகள்.
"இது உங்களுடையதுதானே?"

என் ஏப்ரனிலிருந்து உதிர்ந்தவை.
எத்தனை மதியம்!
வெறுங்கையோடு வந்து போகிறேன்
என்றல்லவா நினைத்திருந்தேன்.

ரெஃபூஹியோ, அதுதான் அந்த அம்மாளின் பெயர்,
எலுமிச்சையைப் பாவாடையில் துடைத்து
ஆறு இருக்கிறதா என்று எண்ணினாள்.
கண்ணாடியைக் கொடுங்கள் என்றேன்.
நூலை அறுத்து,
இருட்டில் தடவித் துளையைக் கண்டுபிடித்து,
ஒரு திருகாணி,
மூன்று சுற்று.
காசா என்று கேட்டாள்.
டப்பாவைக் காட்டினேன்.

மாட்டிக்கொண்டு
கூரையைப் பார்த்தாள்,
கோணல் தூண்களைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு லூசியாளின் தட்டருகே குனிந்து,
"ஏனய்யா, இவள் கண்ணில் பெயின்ட் போயிருக்கிறதே,
யாருமே பார்க்கவில்லையா?"

எலெயுதேரியோ என்னைப் பார்த்தார்.
நான்
கடைக்கு நேரமாயிற்று என்று
படியேறினேன்.